மத்திய ஐரோப்பிய நேரம்

கடைசி நாள் அவர்களுக்கு நள்ளிரவில் முடிகிறது.
பிஷ்கெக்கில் அப்போது விடியற்காலை ஐந்தாக ஒரு நிமிடம்.
நடுவிலிருந்த ஐந்து மணி நேரத்தை
யாரோ கைமாற்றாகத் தந்த பணம்போல
எண்ணி எண்ணிச் செலவழித்தேன்.

கரிப்புகை ஜன்னல் இடுக்கில் நுழைந்துகொண்டிருந்தது.
மின்சாரம் இரண்டு முறை போய் வந்தது.
'நாடு' என்ற கட்டத்தைச் சொடுக்கினால்
குவைத்துக்கும் லாவோஸுக்கும் இடையில்
பேருந்தில் ஓரமாக இடம் கிடைத்தவன்போல
என் தேசம் உட்கார்ந்திருந்தது.

பரிந்துரைக் கடிதத்துக்குப் போனபோது
பேராசிரியர் தோல்குன்பெக்
"நீயே எழுதிக்கொண்டு வா, ஐஸிரெக்,
கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்" என்றார்.
அவர் குரலில் என்னை நான் புகழ வேண்டும்.
'விடாமுயற்சி உடையவர்' என்று எழுதி அழித்தேன்.
'என் இருபது ஆண்டு அனுபவத்தில்' என்று தொடங்கி
அரை மணி நேரம் அவராக இருந்து
என்னைப் பார்த்தேன்.
அவருக்கு என்மேல் கொஞ்சம் பொறாமை இருந்தது.
அந்த வரியை மட்டும் எடுத்துவிட்டேன்.
அவர் படிக்காமலே ஒப்பமிட்டார்.

'இந்த ஆய்வால் சமூகத்துக்கு என்ன பயன்?
முந்நூறு சொற்களுக்குள்.'
பனியாறு உருகுகிறது.
கீழே இருப்பவர்கள் குடிக்கிறார்கள்.
ஐந்து சொல்.
மீதி இருநூற்றுத் தொண்ணூற்றைந்துக்கு
எந்தக் கடைக்குப் போவது?

மார்ச் நடுவில் தெரிவிப்போம் என்றார்கள்.
மார்ச்சின் நடு, ஏப்ரலின் கடைசிக்கு நகர்ந்தது.
மார்ஷ்ருத்காவில் தொங்கியபடி
குப்பை அஞ்சல்களையும் திறந்து பார்த்தேன்.
என்னை வாழ்த்தியவர்கள்
மெத்தை விற்பவர்கள் மட்டும்.
மாஸ்கோவிலிருந்து தம்பி பக்தியார் அழைப்பான்.
அவனும் ஒரு காகிதத்துக்காகக் காத்திருக்கிறான்:
வேலை அனுமதி, பதினோராம் ஜன்னல்,
நின்றால் கால் வலிக்கிற வரிசை.
"உன் வரிசையில் உட்காரலாமா?" என்று கேட்டான்.
உட்காரலாம், ஆனால்
முன்னால் நிற்பவர் முதுகு தெரியாது என்றேன்.

மே மாதம் வந்தது.
'மிகுந்த மகிழ்ச்சியுடனும் வருத்தத்துடனும்'
என்று தொடங்கியது.
ஒரே வாக்கியத்தில் இரண்டையும் எப்படி வைத்தார்கள்?
காத்திருப்போர் பட்டியலில் நான் இரண்டாம் எண்.
பட்டியல் ஆகஸ்ட் முப்பத்தொன்று வரை உயிரோடிருக்கும்.

அப்படியானால்
எங்கேயோ இரண்டு பேர் வேண்டாமென்று சொல்ல வேண்டும்.
அவர்களுக்கு நோய் வர வேண்டாம்.
யாரும் சாகவும் வேண்டாம்.
ஒருவருக்கு அவர் ஊரிலேயே நிரந்தர வேலை கிடைக்கட்டும்,
நல்ல சம்பளம், கூரை ஒழுகாத ஆய்வகம்.
இன்னொருவருக்குக் காதல் வரட்டும்,
விமானம் ஏற மனம் வராத அளவுக்கு.
அது ஜூலைக்குள் நடந்தால் நல்லது,
விசாவுக்கு ஆறு வாரம் ஆகும்.

ஆகஸ்ட் கடைசியில் பனியாற்றுக்கு ஏறினோம்.
போன செப்டம்பரில் தலை மட்டும் தெரிய
ஐஸுக்குள் இறக்கிய அளவுக் கம்பு
இப்போது என் தோளைத் தாண்டி நிற்கிறது.
மீரிம் நாடாவைப் பிடித்தாள்,
நான் எண்ணைக் குறித்தேன்.
அந்த எண்ணை இரண்டு பேருமே
வாய்விட்டுச் சொல்லவில்லை.

சிக்னல் கிடைக்கும் ஒரே பாறைமேல் உட்கார்ந்தபோதுதான்
மூன்றாம் எண்ணின் நினைவு வந்தது.
அவனோ அவளோ,
எந்த ஊரிலோ, எந்த மேசையிலோ,
எனக்கு நல்லது நடக்க வேண்டுமென்று
இந்த நிமிடமும் வேண்டிக்கொண்டிருக்க வேண்டும்.
என்னைப் பெற்றவள்கூட
இத்தனை கவனமாக வேண்டியிருக்க மாட்டாள்.

மீரிம் பிளாஸ்கைத் திறந்தாள்.
காலை நாலு மணிக்கு ஊற்றிய தேநீரில்
இன்னும் ஆவி பறந்தது.
மேகம் விலகி முதுகில் வெயில் விழுந்தது.
போர்சோக் உடையாமல் இருந்தது, ஒன்றுகூட.

மூன்றாம் எண்ணே, தெரிகிறது.
போதாது.
இன்னும் கொஞ்சம் முயன்று பார்.