மூன்று கிலோ

சர்க்கரை இருநூற்று நாற்பது என்று
காகிதத்தைத் திருப்பிக் காட்டினார் டாக்டர் சங்கரபாகம்.
"ஏதாவது ஒண்ணு செய்யணும் மேடம்.
எதுன்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும்."
மாத்திரைக்கு எழுதியதுபோல்
அதற்கும் ஒரு பெயர் எழுதித் தந்திருக்கலாம்.

முதலில் நடந்தேன்.
பாளையங்கோட்டை அண்ணா ஸ்டேடியம், காலை ஐந்தே கால்.
பத்திர ஆபீசில் நாள் முழுக்கக் கேட்கிற பேச்சு
அங்கேயும் எனக்கு முன்னும் பின்னும் நடந்தது.
கே.டி.சி. நகரில் சென்ட் என்ன விலை,
மூத்தவன் பங்குக்கு ஒப்புக்கொண்டானா.
நாலாவது சுற்றில்
வில்லங்கம் போட எத்தனை நாளாகும் என்று
மூச்சு வாங்காமல் ஒருவர் கேட்டார்.

பிறகு பெருமாள்புரத்தில் யோகா.
கண்ணை மூடுங்கள், எதையும் நினைக்காதீர்கள்.
நினைக்கவில்லை.
தூங்கிவிட்டேன்.
குறட்டைச் சத்தத்தில் விழித்தபோது
அது என்னுடையதென்று
பதினோரு முகங்கள் சொல்லின.

வண்ணார்பேட்டை ஜிம்மில் ஒரு தம்பி
"ஆன்ட்டி, ஸ்பீடு கூட்டவா?" என்றான்.
கண்ணாடிக்கு எதிரே அந்தக் கறுப்பு வார்
என்னைச் சுருட்டிச் சுருட்டிப் பின்னால் தள்ளியது.
மூன்று மாதப் பணம் கட்டியிருந்தேன்.
மூன்று நாள் போனேன்.

"ஆத்துல நீந்திப் பாரேன்" என்றார் வீட்டுக்காரர்,
ஈஸிசேரில் சாய்ந்தபடி.
குறுக்குத்துறையில் இடுப்பளவு நீரில்
படிக்கல்லைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றேன்.
மீன்கள் குதிகாலைக் கொறித்தன.
அன்றைய பயிற்சி அவற்றுக்குத்தான்.

வேறு வழி தெரியாமல்
மறுபடி ஸ்டேடியத்துக்கே வந்த ஒரு ஆடிச் செவ்வாய்.
தென்காசிப் பக்கத்துச் சாரல்
இங்கே வெறுங்காற்றாக வந்து
புழுதியைக் கிளப்பிக்கொண்டிருந்தது.
என் செருப்பருகே உருண்டுவந்து நின்றது
ஒரு இரும்புக் குண்டு.

"எக்கா, எடுத்துப் போடுங்க!"
வட்டத்துக்குள் நின்றாள் முப்பிடாதி,
பதினொன்றாம் வகுப்பு,
ரெட்டைச் சடையை மடித்துக் கட்டியவள்.

குனிந்து எடுத்தேன்.
குளிர்ந்திருந்தது. ஒரு பக்கம் மண்.
எனக்குப் பாரம் புதிதில்லை.
மானூரில் இடுப்பில் ஒன்று தலையில் ஒன்று குடங்கள்,
மூன்றாம் மாடிக்கு கேஸ் சிலிண்டர்,
எலி கடித்த பழைய பத்திரக் கட்டுகள்.
எதை எங்கே இறக்க வேண்டுமென்று
எப்போதும் யாராவது காட்டினார்கள்.
மெதுவா, மெதுவா என்றார்கள்.
இவள் போடச் சொல்கிறாள்.

போட்டேன்.
நாலு எட்டுக்கூடப் போகவில்லை.
தொம்மென்று விழுந்த சத்தம்
என் முழங்காலுக்குள் கேட்டது.

"எறியக் கூடாதுக்கா, தள்ளணும்.
தாடைக்குக் கீழ, கழுத்தோட ஒட்டி வையுங்க."
ஹேர்பின்னைப் பல்லில் கடித்துக்கொண்டு சொன்னாள்.
சொல்லிவிட்டுத் தன் முறைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் ஐந்து மணிக்கே விழிப்பு வந்தது,
அலாரத்துக்கு முன்னால்.
அதற்கடுத்த நாளும்.
வில்லங்கம் கேட்டவர் நின்று பார்த்தார்.
"தோள்பட்டை இறங்கிரும் மேடம்."
"இறங்கட்டும் சார், ஏத்திக்கிடலாம்."
பிள்ளைகள் போட்ட பள்ளங்கள் எல்லாம்
அந்தக் கோடியில் கிடக்கும், கும்பலாக.
என்னுடையது இந்தப் பக்கம்,
மூன்று மீட்டர் எண்பதில்,
ஒத்தையாக.
மழை பெய்தால் அதில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும்.

கார்த்திகையில் சர்க்கரை நூற்று அறுபத்தெட்டு.
"பரவாயில்லையே, என்ன செய்யுதீங்க?" என்றார் டாக்டர்.
ஏனோ சொல்ல மனம் வரவில்லை.
"வாக்கிங்" என்றேன்.

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
என் கழுத்தை உற்றுப் பார்த்தார்.
"அதென்ன, தாடைக்குக் கீழே கறுப்பு?
சர்க்கரைக்காரங்களுக்கு வரும். எப்பத்திலேர்ந்து இருக்கு?"
ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து
ஒரு தரம் தேய்த்தார்.
பஞ்சைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.

மண்.