இடமில்லை

ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட்ட கூடம் இது.
சுவரில் அந்தக் கருப்பு இன்னும் போகவில்லை.
ஷீட் தொங்கிய கம்புகளில் இப்போது
சாக்கும் கிழிந்த போர்வையும் காய்கின்றன.
கம்பிவலை அடித்து, கூடு பிரித்து,
ஒன்று முதல் நாற்பது வரை
பெயின்டில் எண் போட்டவர் ததேயுஸ்.
நாற்பதுக்கு மேல் சுவர் இல்லை.

கேட்டில் போர்டு வைத்தது என் பிழை.
"இங்கே எந்த உயிரையும் கொல்வதில்லை."
குலசேகரத்தில் அதை
"இங்கே கொண்டுவந்து போடலாம்" என்று வாசித்தார்கள்.
விடியுமுன் அட்டைப்பெட்டி.
மிக்சி வந்த பெட்டி, முட்டைப் பெட்டி,
ஒருமுறை கல்யாணத் தாம்பூலப் பை,
மணமக்கள் பெயருக்குக் கீழே
கண் திறக்காத மூன்று.
போர்டைக் கழற்றினேன்.
ஆணி இரண்டும் நிற்கின்றன.
பெட்டியும் நிற்கவில்லை.
குட்டிகள் என் குளியலறையில்;
நான் கிணற்றடியில் குளிக்கிறேன்.

ஸ்கூட்டரில் வந்து முகம்பார்த்துக் கேட்பவர்களிடம்
இடமில்லை என்கிறேன்.
சொல்லிவிட்டு உள்ளே வந்தால்
ததேயுஸ் தலை நிமிர்வதில்லை.
மத்தித் தலை போட்டுக் கஞ்சி கிண்டுகிறார்.
கொல்வதில்லைதான்,
கேட்டுக்கு இந்தப் பக்கம்.
அந்தப் பக்கம் மார்த்தாண்டம் பஸ் போகிறது,
லோடு ஏற்றிய டிப்பர் போகிறது.

ஞாயிறு பூசை முடிந்து ஆட்கள் வருவார்கள்.
"வெள்ளக்குட்டி உண்டா சிஸ்டரே?"
"பொட்டப்பட்டி வேண்டாம் கேட்டியளா."
நான் நோட்டைத் திறப்பேன்.
மதில் உண்டா, சங்கிலி எத்தனை அடி,
வீட்டில் யாருக்காவது விசா வரப்போகிறதா?
"பெண்ணு கெட்டிக் குடுக்கவும் இவ்வளவு கேக்கலியே!"
கேட்டிருக்கலாம் என்பேன்.
குவைத்தில் பதினேழு வருடம் நர்ஸாக இருந்தவள் நான்,
சிரிக்காமல் கேட்க வரும்.

ஏழாம் நம்பர் மூன்று வீடு போய்வந்தது.
கருங்கலில், வந்த பாதிரியாரைக் குரைத்ததாம்.
பேச்சிப்பாறையில், வந்த திருடனைக் குரைக்கவில்லையாம்.
வேர்கிளம்பியில் நல்ல பிள்ளைகள்;
அப்பாவுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது.
மூன்று முறையும் ஆட்டோவில் இருந்து இறங்கி
இடுப்பை இழுத்துக்கொண்டு
யாரையும் கேட்காமல் ஏழுக்குள் போய்ப் படுத்தது.
அதுக்கு வீடு கெடச்சாச்சு என்றார் ததேயுஸ்.
அது கணக்கில் சேராது என்றேன்.
அன்று மாலைவரை பேசிக்கொள்ளவில்லை.

போன வியாழன், நல்ல மழை,
குறும்பனையில் இருந்து ஒருவர் வந்தார்.
அந்தோணியடிமை என்று பெயர்.
நோட்டைத் திறக்கும் முன்னே சொன்னார்:
"கடலுக்குப் போறத விட்டாச்சு.
ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு
முழிப்பு மட்டும் வந்திருது.
கூட முழிச்சிருக்க ஒண்ணு வேணும்."
குரைக்குமா என்று கேட்கவில்லை.
மதில் இல்லை என்றார், மணல்தான் என்றார்.
எல்லாக் கேள்விக்கும் தவறான பதில்.
ஏழாம் நம்பர் எழுந்துவந்து
அவர் வேட்டி நுனியை நெடுநேரம் மோந்தது,
மீன் இல்லாமல் போன பிறகும்
மீன் இருக்கும் அங்கே.

வெள்ளி, சனி, ஞாயிறு.
கூடு காலி.
திரும்பி வரும் என்று விட்டுவைத்தேன்.
கேட்டில் நின்று இரண்டு பேரிடம்
இடமில்லை என்றேன், வழக்கமான குரலில்.
ததேயுஸ் காலிக்கூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
கஞ்சிக்கு உப்பு போட்டார்.

ராத்திரி ரெண்டு மணிக்கு எனக்கு முழிப்பு வந்தது.
அங்கே இப்போது இரண்டு பேர்
அலையைப் பார்த்து உட்கார்ந்திருக்கலாம்.
இல்லாமலும் இருக்கலாம்.
போன் செய்யக் கையெடுத்து, வைத்தேன்.

திங்கள் காலை பெட்டி எதுவும் இல்லை.
கேட் கம்பியில் கயிற்றோடு கட்டிய கிழட்டுப் பெட்டை ஒன்று,
மூக்கெல்லாம் நரைத்து.
நான் கயிற்றை அவிழ்ப்பதற்குள்
உள்ளே சத்தம் கேட்டது:
ஏழாம் கூட்டில் ததேயுஸ்
பக்கெட் தண்ணீரைக் கொட்டித்
தென்னை விளக்குமாறால் தள்ளிக்கொண்டிருந்தார்.