ஒரு பூச்சியம்

பண்டாரவளையில் கடையைப் பூட்டச்
சாவி ஒன்று போதுமாயிருந்தது.
கம்பனியைப் பூட்ட
இதுவரை எழுபத்தோராயிரத்து முன்னூறு.

மூன்று மொழியில் பத்திரிகை அறிவித்தல்.
எங்கள் ஸ்ட்ரோபெரி ஜாமுக்கு
ஒரு மொழியில்கூட விளம்பரம் போட்டதில்லை.

பங்காளி பௌசியா கட்டாரில்.
அவளுடைய ஒரேயொரு கையெழுத்து
கூரியரில் போய், கூரியரில் வந்தது,
பேனை மை கொஞ்சம் கலங்கி.

பிறகுதான் கணக்காளர் றெஜினோல்ட்.
கடைசி வருடம்
நானூற்றெண்பது போத்தல் விற்றோம்.
நாலாயிரத்து எண்ணூறு என்று பதிந்திருக்கிறார்.
அடுப்பு அணைந்த வருடம்தான்
கடதாசியில் எங்களுக்குக் கொழுத்த வருடம்.
அதற்கு வரி.
வரி கட்டாததற்குத் தண்டம்.
தண்டத்துக்கு மாதாமாதம் வட்டி.

"ஒரு பூச்சியம்தானே, மிஸ்"
பிளேன்டீயை ஊதிக்கொண்டே சொன்னார்.
திருத்தக் கடிதத்துக்குத் தனிக் கட்டணமாம்.
அதை மட்டும்
சதம் பிசகாமல் கூட்டினார்.

தெமோதரை பஸ்ஸில், மழைச்சாரல் பக்கம்,
மடியில் படிவம்.
மீதமுள்ள சொத்து என்ற கட்டத்தில்
எழுதினேன்:
மூடியில்லாப் போத்தல், முப்பது.

இரவு குசினி ராக்கையில்
எண்ணிப் பார்த்தேன்.
இருபத்தொன்பது.

இன்னொருமுறை எண்ணினேன்.
திருத்தவில்லை.