ஒன்றா, இரண்டா

நாள் முழுக்க நான் கேட்கும் கேள்வி இது.
இருட்டறையில், கன்னத்தில் சட்டம் அழுந்த
உட்கார்ந்திருப்பவர் முன்
வில்லையை மாற்றி மாற்றிப் போட்டபடி:
ஒன்று தெளிவா, இரண்டா?
மறுபடியும். ஒன்றா, இரண்டா?

இருபத்தாறு வருடம்.
புர்னோ நகரத்தில் பாதிப் பேரின் தயக்கம்
எனக்குப் பழக்கம்.
ஓர் எல்லைக்குப் பிறகு அவர்கள் பார்ப்பதில்லை,
என் மனம் நோகக் கூடாதென்று
ஏதோ ஒன்றைச் சொல்கிறார்கள்.

சனிக்கிழமை அந்த நாற்காலியில் நான்.

நாலாம் எண் டிராம் திரும்பும் முனையில்
விரதிஸ்லாவின் கடை. மாடியில்
தரைக்கும் கம்பளம், சுவருக்கும் கம்பளம்.
கதவைச் சாத்தியதும்
எச்சில் விழுங்கும் சத்தம் எனக்கே கேட்டது.
தூக்கிப் பாருங்கள் என்றார்.
பத்தொன்பது கிலோ. வட்டுத் தட்டு
அவசரமே அறியாத நாக்கு மாதிரி
வெளியே வந்தது, உள்ளே போனது.
விலை கேட்டேன்.
இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் கொருனா.
யானை விலை என்பார்களே,
இது யானையோடு பாகனின் சம்பளமும் சேர்த்து.

நான் கொண்டுபோனது பழைய நால்வர் இசை வட்டு.
ரயிலடிக் கடையில் தொண்ணூற்றேழில் வாங்கியது,
தள்ளுபடிச் சீட்டை இன்னும் உரிக்கவில்லை.
முதலில் என் வீட்டில் இருப்பது போன்ற சாதாரணப் பெட்டியில் போட்டார்.
பிறகு அதில்.
"வித்தியாசம் தெரிகிறதா?"

தெரிந்தது.
மெதுவான பகுதி தொடங்குமுன்
செல்லோக்காரர் மூச்சை இழுக்கிறார்.
மூக்கடைப்பு உள்ள மனிதரின் மூச்சு.
முகம் தெரியாத அந்த மனிதர்மேல்
சட்டென்று ஒரு பிரியம் வந்தது.

"யோசித்துச் சொல்கிறேன்" என்று இறங்கினேன்.
யோசிப்பதாவது! டிராமிலேயே
வரவேற்பறை அலமாரியை மனதுக்குள் நகர்த்திவிட்டேன்.

லுபோர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான்.
விலையைச் சொன்னேன்.
கத்தி நிற்கவில்லை.
"குளியலறை ஓடு?" என்று மட்டும் கேட்டான்.
அந்த ஓடு ஐந்து வருடமாக ஒழுகுகிறது,
கீழ் வீட்டுப் பெண் இப்போது வணக்கம் சொல்வதில்லை.

இரவு அவன் தூங்கிய பிறகு
மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருக்கும் நம் பழைய பெட்டியில்
அதே வட்டைப் போட்டேன்.
ஹெட்போனைக் காதோடு அழுத்தினேன்.
மெதுவான பகுதி. அதற்கு முன்.

மூச்சு இருந்தது.

அதே மூக்கடைப்பு. கொஞ்சம் மங்கலோ?
மறுபடி போட்டேன். மங்கலில்லை.
மறுபடி. இல்லை, மங்கல்தான்.
ஐந்தாம் முறை
எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது.
இருபத்தெட்டு வருடமாக அவர் அங்கேயே
மூச்சு விட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.
நான்தான் அந்த நேரத்துக்கு எப்போதும்
தேநீர் ஊற்றப் போயிருக்கிறேன்.

திங்கட்கிழமை, ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர் ஒருவர்.
ஒன்றா, இரண்டா?
"ரெண்டும் ஒன்றுதான் அம்மா" என்றார்.
கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.
"ஆனால் ரெண்டாவது போட்டால்
நன்றாகப் பார்க்க வேண்டுமென்று தோன்றுகிறது."
அளவுகோலில் அதற்கு இடமே கிடையாது.
இரண்டு என்றே எழுதிக் கொடுத்தேன்.

மதியம் விரதிஸ்லாவுக்குப் போன் செய்தேன்.
வியாழக்கிழமை வருகிறேன்,
ஒரு திரை கட்டி வையுங்கள்,
எது எதென்று சொல்லாமல் போடுங்கள் என்றேன்.
அந்தப் பக்கம் அமைதி.
கம்பளம் விரித்த அமைதி.
"சொல்லாவிட்டால் நான் எப்படி விற்பது?" என்று சிரித்தார்.
நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியாது.

எனக்குப் பயம், தெரியாமல் போய்விடுமோ என்பதல்ல.
திரைக்குப் பின்னால் பழைய பெட்டி பாடும்போது
இதுதான், இதுதான் என்று
கையைத் தூக்கிவிடுவேனோ என்பது.

ஆனாலும் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன்:
வியாழன், ஐந்தரை.
அதற்குக் கீழே, ஓடு போடுபவரின் எண்.