மூன்றாம் மேசை, வலது முன்கை

ஆய்வேட்டுக்காகச் சேலத்தில்
முந்நூற்றெழுபது மணிக்கட்டுகள் பார்த்துவிட்டேன்.
கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொடுங்க,
இப்போ கையை உள்பக்கம் மடக்குங்க.
பழைய பஸ் ஸ்டாண்டில் பூ முழம் போடுகிறவள்,
ஐந்து ரோட்டில் சவாரிக்கு நின்ற ஆட்டோக்காரர்,
ஹாஸ்டல் மெஸ்ஸில் குழம்பு ஊற்றுகிற கை.
தோலுக்கடியில் ஒரு நாண்
துணிக்கொடி போல விறைத்து எழும்.
சிலருக்கு எழாது.
"ஏதாச்சும் கோளாறுங்களா?"
ஒன்றுமில்லைங்க.
இருந்தாலும் அதற்குப் பெரிய வேலை கிடையாது,
இல்லாவிட்டாலும் யாருக்கும் தெரியாது.

இதற்கு மூன்று வருடப் படிப்பா என்று
கொழுந்தனார் கேட்டார்.
எம்.டி. அனாடமி என்றதும்
"அப்போ நீங்க ஊசி போட மாட்டீங்க?"
போட மாட்டேன்.
என் பெயர் போட்ட மருந்துச் சீட்டு
இந்த ஊரில் எந்தச் சட்டைப் பையிலும் இல்லை.

ஐப்பசி மழையில் சேர்வராயன் மலை
ஜன்னலிலிருந்து காணாமல் போயிருந்தது.
சின்னராசு அண்ணன் மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.
ஃபார்மலின் கண்ணைக் கரிக்க, தோலை விலக்கினேன்.
மேலே சதையும் கீழே நாணும் இருக்க வேண்டிய இடத்தில்
மேலே நாண்.
கீழே, மணிக்கட்டுக்கு மேல்,
சதை கொழுகொழுவென்று
நடுநரம்பின் மேலேயே உட்கார்ந்திருந்தது.

"மேடம்!" என்று கத்தினேன்.
ரெஹானா மேடம் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார்.
"தலைகீழா இருக்கு, புவனேஸ்வரி.
என் சர்வீஸ்ல ரெண்டாவது."
துறையின் கேமரா வந்தது.
அளவுகோல் வைத்து ஒரு படம், வைக்காமல் ஒரு படம்.
எந்த ஜர்னலுக்கு அனுப்பலாம் என்று பேச்சு.
டீ சொன்னார்கள்.
நான் இரண்டு வடை தின்றேன்.
கை கழுவினாலும் போகாத வாசனையோடுதான்.

மேசையில் பெயர் கிடையாது, எண் மட்டும்.
ஆனால் அவர் வந்த இரவு டியூட்டியில் நான் இருந்தேன்.
தானப் படிவத்தை நீட்டிய மகள்,
கேட்காமலே சொன்னார்:
"கையெழுத்து அப்பாவோடதுதாங்க.
கை மரத்துப் போற நேரத்துல போட்டது,
அதான் கோணல்."
அப்போது நான் தலையாட்டியது
சாட்சிக் கையெழுத்து எங்கே என்று தேடிக்கொண்டே.

நள்ளிரவில் ஹாஸ்டல் கட்டிலில்
அந்தக் கோணல் 'மா' கண்முன் வந்து நின்றது.
அடுத்து 'தே'.
'ஸ்வரன்' வரும்போது பேனா
கோட்டை விட்டு இறங்கியிருந்தது.
கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல்.
எந்த மூன்று விரல்கள் என்று
இப்போது எனக்குத் தெரியும்.

சொல்லலாமா? விதி என்ன?
மேடத்திடம் கேட்டேன்.
நெடுநேரம் பிறகு, "என் ரூம் போன்ல பேசு" என்றார்.

கோகிலவாணி எதிர்முனையில் அழவில்லை.
"ராத்திரி எழுந்து உட்கார்ந்து
கையை உதறிக்கிட்டே இருப்பாருங்க.
ஏற்காடு வண்டி. இருபது கொண்டை ஊசி.
ஸ்டியரிங்கைப் பிடிச்சா விரல் இருக்கிறதே தெரியலைன்னு
மெடிக்கல் லீவு கேட்டார்.
கையில வீக்கமில்ல, வெட்டில்ல, நடிக்கிறான்னு
டிப்போவுல எழுதிட்டாங்க.
அம்மாவும்கூட..."
அதற்கு மேல் சொல்லவில்லை.
யாரோ குக்கரை இறக்கும் சத்தம்.

"இதை எழுதித் தருவீங்களா மேடம்?
லெட்டர்பேடுல. சீல் வச்சு."

யாருக்குக் காட்டப்போகிறீர்கள் என்று
கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை.
பேனாவைத் திறந்தேன்.
வலது முன்கை, பிறவி அமைப்பு,
நடுநரம்பில் அழுத்தம், விரல் மரத்துப்போதல், உண்மை.
'உண்மை' என்ற சொல்
எந்தச் சான்றிதழிலும் வராது. எழுதினேன்.

"தேதி எது போடட்டும்?"

யோசிக்கவே இல்லை அவர்.
பதினொரு வருடத்துக்கு முந்தைய
ஒரு வியாழக்கிழமையைச் சொன்னார்.