எட்டாவது வரி

கஸ்தூரியார் வீதியில் மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேல்மாடி.
படி ஏணி மாதிரி. மூச்சு வாங்க ஏறி வந்தால்
நாலு மேசை, பதினாறு கதிரை, கத்துகிற ஒரு ஃபான்,
கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சப்பாத்துப் பெட்டி:
“எது எடுத்தாலும் இருபது ரூபா.”
எழுதினது நான்தான்.
உள்ளே எந்த மிருகம் விழவேண்டும் என்று
தீர்த்ததும் நான்தான்.

சேற்றாமை அதில் பதினொன்று கிடந்தது.
இறக்குவதற்கு ஐந்து சக்தி. பலம் பூச்சியம். ஓடு நாலு.
வரைந்தவனுக்கு அன்றைக்குச் சுகமில்லைப் போல:
மழையில் நனைந்த உரப்பை மாதிரி ஒரு முதுகு.
கீழே எறும்பெழுத்தில் எட்டு வரி.
மூன்றாவது வரி “தாக்காது” என்று முடியும்.
பெடியள் அதோடு நிறுத்திவிடுவாங்கள்.

“அண்ணை, உது வாறதுக்கிடையில ஆட்டம் முடிஞ்சிடும்.”
சரிதான்.
நாலாம் சுற்றில் தீக்கழுகு கொத்திவிட்டுப் போகிற காலம்.
ஐந்தாம் சுற்றில் பிறக்கிறதுக்கு
யார் தொட்டில் கட்டுவான்?

கொழும்பில் வென்றவனின் அறுபது அட்டையும்
திங்கட்கிழமை எல்லாப் போனிலும் வந்துவிடும்.
புதன்கிழமை கொக்குவிலும் குருநகரும்
ஒரே அறுபதை வைத்துக்கொண்டு
எதிரெதிரே முறைத்துக்கொண்டிருக்கும்.
அந்தப் பட்டியலில் இல்லாதது உலகத்தில் இல்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும்.
ஆமை செய்கிறதில் பாதியை
நீர்நாய் மூன்று சக்திக்கே செய்யும்.
பாதி போதுமென்று இருக்கிறவன்
முழுசை ஏன் சுமக்கிறான்?

அன்ரனீற்றாவிடம் அன்றைக்கு அறுபது ரூபாதான் இருந்தது.
அதனால் வாசித்தாள்.
கதிரையை ஜன்னலடிக்கு இழுத்துப் போட்டு,
வெளிச்சத்துக்கு அட்டையைச் சரித்து, கடைசிவரை.
எதிராளி மேலதிகமாக அட்டை எடுக்கும்போதெல்லாம்
ஆமையின் முதுகில் ஒரு கல்.
ஆமை செத்தால்,
கல்லொன்றுக்கு மூன்று அட்டையை அவன் புதைக்கவேண்டும்.
அதுதான் எட்டாவது வரி.
மூன்று ஆமை தந்தேன். மிச்சக் காசில்லை.

ஞாயிற்றுக்கிழமை அரையிறுதியில்
அவளுக்கு முன்னால் கொக்குவில் துசிகரன்.
நாலாம் சுற்று முடிய அவளிடம் ஒரு உயிர்.
ஐந்தாம் சுற்றில் உரப்பை மேசைக்கு வந்தது.
யாரோ சிரித்தாங்கள். நானும் என்று நினைக்கிறேன்.
கழுகு கொத்தக் கொத்த ஒரு அட்டை எடுக்கும்,
அதுதான் அதன் வேகம்;
கொத்தினதெல்லாம் ஓட்டில் பட்டு
ஒவ்வொரு கல்லாய் ஏறியது.
ஒன்பதாவது கல்லில் துசிகரனுக்குப் பொறுமை போய்விட்டது.
நெருப்பை இறக்கி ஆமையைக் கொன்றான்.
“வாசிச்சனீரோ?” என்றாள்.
இருபத்தேழு புதைக்கவேண்டும்.
அவன் கட்டில் மிஞ்சியிருந்தது இருபத்தாறு.

இறுதியாட்டத்தில் அவள் தோற்றாள்.
மூன்று ஆமையும் கட்டின் அடியிலேயே படுத்திருந்தன.

ஆனாலும் திங்கட்கிழமை விடிய என் போன் அடித்தது.
மிஞ்சினது எட்டு.
ஏழை அறுநூறுக்கு விற்றேன்.
எட்டாவதுக்கு மூலை ஈரத்தில் ஊதியிருந்தது,
நானூற்றைம்பது.
மனச்சாட்சி ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு கிழமைதான்.
பிறகு எல்லாரும் மண்புழு கொண்டுவந்தாங்கள்,
கல்லை ஏறவிடாமல் தின்கிற ஒன்று
(அதுவும் இந்தப் பெட்டியில் கிடந்ததுதான்).
ஆமைகள் திரும்பி வந்தன,
உறையோடு, மிக்சர் எண்ணெய் விரலோடு.
பத்து ரூபாப்படி எடுத்தேன்.

நேற்று அன்ரனீற்றா வந்தாள்.
“இப்பவும் இருபதோ?”
“இருபதுதான்.”
பெட்டிக்குள் கையை விட்டு
ஆமைகளைத் தள்ளிவிட்டாள், திரும்பியும் பார்க்காமல்.
ஏதோ ஒரு விட்டில்பூச்சி கையில்.
உதடு அசைய வாசிக்கிறாள்,
ஐந்தாவது வரி, ஆறாவது.
நானும் எட்டிப் பார்த்தேன்.
மங்கலாய் ஒரு கறுப்புக் கோடு மட்டும் தெரிந்தது.
கீழ்க்கடைக்கு ஒருக்கால் இறங்கிப் போகவேண்டும்.