நரம்பு வலை

"நரம்பு வலை" என்றேன்.
கலியவரதன் உடனே கேட்டார்:
"கண்ணு எத்தனை மில்லி?"

அவர் சொன்னது நைலான்.
நான் சொன்னது, உப்பனாறு கடலைத் தொடும் இடத்தில்
திட்டின்மேல் அலை உடைகிறதா, உருண்டு போகிறதா என்று
சத்தத்தை மட்டும் கேட்டுச் சொல்லும் ஒரு கணக்கு.
இருவரும் சிரித்தோம்.
அஞ்சலாட்சி சிரிக்கவில்லை.
போன ஐப்பசியில் அவள் தம்பியின் ஃபைபர் படகு
அந்தத் திட்டில்தான் குப்புற விழுந்தது.
தொடையில் இன்னும் கம்பி இருக்கிறது.

சிங்காரத்தோப்பில் ஒரு கம்பம்.
பிவிசி குழாய்க்குள் மைக், குழாய் வாயில் பஞ்சு.
பழைய பைக் பேட்டரி, முழ அகலத்தில் சோலார் தகடு,
இரண்டு விளக்கு.
நடுவே நகத்தளவு எஃப்பிஜிஏ:
ஐயாயிரத்து இருநூற்று எண்பது அறைகள்,
எட்டே எட்டுப் பெருக்கிகள்.
விலை ஒரு கிலோ வஞ்சிரத்துக்குக் கொஞ்சம் கீழே.

என் லேப்டாப்பில் வளர்ந்த வலையோ
நாற்பது லட்சம் எடைகளோடு வாசலில் நிற்கிறது,
சீர்வரிசை மொத்தத்தையும் லாரியில் ஏற்றிக்கொண்டு
ஒற்றை அறைக்குக் குடிவந்தவர்களைப் போல.
வா, உள்ளே வா.
கட்டில் மட்டும் தெருவிலேயே இருக்கட்டும்.
பீரோவும்.

இந்தச் சில்லில் எதுவும் நிரந்தரமில்லை.
நேற்று கூட்டிய அறை இன்று நினைவில் வைக்கும்,
நாளை வெறும் வழியாகும்.
இரவெல்லாம் அவிழ்த்துக் கட்டுகிறேன்.
நாற்பது நிமிடம் யோசித்துவிட்டு மென்பொருள் சொல்கிறது:
தேவை 5,611. இருப்பது 5,280.
மின்சாரம் போகிறது. வருகிறது.
மறுபடி.

0.4871 என்று ஓர் எடை.
இனி நீ அரை.
0.2390, நீ கால்.
அரைக்கால், வீசம்.
வீசத்துக்குக் கீழே இருப்பவர்கள் பூஜ்யம், மன்னிக்கவும்.
அரையாலும் காலாலும் பெருக்க யாரும் பெருக்க வேண்டாம்,
எண்ணைப் பிடித்து ஓரிடம் ஈரிடம் தள்ளினால் போதும்.
(நம் ஆட்கள் அரிசியையும் கடனையும்
இப்படித்தான் அளந்தார்கள் என்பது
விடிகாலை மூன்றரைக்கு எனக்கு
அநியாயத்துக்குச் சந்தோஷம் தந்தது.)
முதல் அடுக்குக்கு மட்டும் பெருக்கிகள்.
ஐஸ் பார் இறக்கும் ஆட்கள் மாதிரி
அதே எட்டுப் பேர் ஓடி ஓடி,
ஒரு படகு காலியானதும் அடுத்தது.

5,274.
ஆறு அறை மிச்சம்!
லேப்டாப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு.
கம்பத்தில் தொண்ணூற்று நாலு.

அஞ்சலாட்சியிடம் சொன்னேன்.
மத்தியை வெயிலில் பரப்பிக்கொண்டே கேட்டாள்:
"தப்பாச் சொன்னா
எந்தப் பக்கம் தப்பாச் சொல்லும்?"

எந்த ஆய்வுக் கட்டுரையிலும்
என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை.
வாசலை நகர்த்தினேன்:
சந்தேகம் என்றால் சிவப்பு.

அதற்குப் பிறகு பதினோரு நாளில்
நாலு நாள் கடல் எண்ணெய்போல் கிடக்க
கம்பம் சிவந்து நின்றது.
கலியவரதன் டீசல் கணக்கைப் போனில் அனுப்பினார்,
ஐஸ் கணக்கை அதற்குக் கீழே.
பிறகு ஒரு வரி:
"உங்க வலைக்குக் கண்ணு ரொம்பப் பொடி.
பாசியெல்லாம் மாட்டுது."

இன்று நாலு மணி. சிவப்பு.
ஹெட்போனில் நானே கேட்கிறேன்.
என் காதுக்கு அமைதி.
என் காது எத்தனை பிட் என்று
யாரும் அளந்ததில்லை.

கீழே ஒரு என்ஜின் இருமிப் பிடிக்கிறது.
அவர்தானா, தெரியவில்லை.
கம்பத்து மைக்கும் அதைக் கேட்டிருக்கும்.
அதற்கு என்ஜினைத் தெரியாது, அலை மட்டும்தான்.
தெரிந்த எடை ஒன்று இருந்திருக்கலாம்,
வீசத்துக்குக் கொஞ்சம் கீழே,
நான் துடைத்த இடத்தில்.